தனுஷ்கோடித் துறையும் மண்டபம் முகாமும்

இராமேசுவரம் என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவன நெடிய சுற்றுப் பிரகாரமும் இருபத்திரண்டு தீர்த்தங்களுமே. பெங்களூரிலிருந்து ஆண்டுதோறும் அத்தீவுக்குச் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் பல. முன்னோர்க்குச் செய்யவேண்டிய கடனைச் செய்து, தீர்த்தமாடி, அரிச்சல்முனை வரை சென்று இடிந்துகிடக்கும் தனுஷ்கோடியைக் கண்டு, சங்கும் சிப்பி மாலையும் வாங்கிக்கொண்டு திரும்புதல் வழக்கம். அவ்வாறு செல்வோர் கண்ணெதிரே இருந்தும் காணாது விடும் வரலாறு ஒன்று அங்கு உண்டு. அத்தீவும் அதனையொட்டிய கரையும் அடியார்கள் வந்து சேரும் இடமாக மட்டும் இருந்தனவல்ல. பிழைப்பை நாடி ஊரைவிட்டுப் புறப்பட்ட தமிழர் இலட்சக்கணக்கில் வெளியேறிய வாயிலாகவும் அவை இருந்தன. வேற்றுமொழி வழங்கும் நகரில் குடியேறி வாழும் நமக்கு அவ்வாயிலின் கதை அயலார் கதையன்று. விடுமுறைப் பயணச் சலுகையில் அண்மையில் குடும்பத்துடன் அப்பக்கம் சென்று, தீவிலும் கரையோர ஊர்களிலும் சில நாள் தங்கி வந்த நாங்கள், கண்டவற்றையும் அதன்பின் தேடிப் படித்தவற்றையும் இங்கே எழுதுகிறோம்.

இராமநாதபுரத்திலிருந்து கிழக்கே செல்லச் செல்ல நிலம் ஒடுங்கிக்கொண்டே போகிறது. உச்சிப்புளியைக் கடந்தபின் வயல் மறைந்து பனையும் உடைமரமும் வெண்மணலுமே எஞ்சுகின்றன. மண்டபத்தில் நிலம் முடிகிறது. அதற்கப்பால் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் அகலமுள்ள பாம்பன் கால்வாய். அதன் மறுகரையில் இராமேசுவரத் தீவு. வடக்கே பாக்கு நீரிணை குளம்போல் அடங்கிக் கிடக்க, தெற்கே மன்னார் வளைகுடா கருநீலமாய் அலையெறிகிறது. பாலத்தின் மீது நின்று தென்புறம் நோக்கினால் குருசடைத் தீவு தெரியும். மண்டபம் தொடங்கித் தூத்துக்குடி வரை இவ்வாறு 21 தீவுகள். 1986இல் இவை கடல்சார் தேசியப் பூங்காவாயின. மக்கள் குடியில்லாத, பவளக்கல்லாலும் மணலாலுமான தீவுகள் இவை. வனத்துறையின் இசைவின்றி அவற்றில் இறங்கலாகாது. பாம்பனை அடுத்த சின்னப்பாலத்துப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு இப்பக்கத்துக் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கின்றனர். கூரிய கற்களுக்கிடையே அவர்கள் கைவிட்டுத் துழாவும் வகையைக் கேட்டறிந்தபோது, மேசைமுன் அமர்ந்து உழைக்கும் எங்களுக்கு நாணமே உண்டாயிற்று.

தீவின் தென்கரையில் குந்துகால் என்றோர் இடம் உள்ளது. இன்று அங்கே விவேகானந்தர் நினைவகம் இருக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பேசிப் புகழ்பெற்று இலங்கை வழியாகத் திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் பாம்பனில் வந்திறங்கினார். இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு வரவேற்றார். இச்செய்தியைப் பலரும் அறிவர். அதே குந்துகாலின் பெயர் ‘சூளவம்சம்’ என்னும் சிங்கள நாட்டுப் பாலி நூலிலும் காணப்படுகிறது என்பதைச் சிலரே அறிவர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாண்டியர் அரசுரிமைப் போரில் தலையிட்ட பராக்கிரமபாகு மன்னன், இலங்காபுரன் என்னும் படைத்தலைவனை இக்கரைக்கு அனுப்பினான். அவன் இராமேசுவரத்தைக் கைப்பற்றிக் குந்துகாலில் கோட்டை ஒன்றைக் கட்டித் தன் அரசன் பெயரால் பராக்கிரமபுரம் என்று அழைத்தானாம். சிறைப்பட்ட தமிழர்களைக் கடல் கடத்தி அனுராதபுரத்துத் தூபத் திருப்பணியில் ஈடுபடுத்தினர் என்றும் அந்நூல் கூறும். வென்றவர் தம் பெருமைக்காக எழுதிக்கொண்ட நூல் அது. அதில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் நம்பவேண்டுவதில்லை. ஆயினும் உழைப்பதற்கென்றே தமிழர் இத்துறை வழியே கொண்டுசெல்லப்பட்ட செய்தி அவ்வளவு பழைய ஏட்டில் கிடைப்பது எங்களைச் சற்று நிற்க வைத்தது.

மற்றொரு புறம், யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் தம் நாணயங்களில் ‘சேது’ என்று பொறித்தனர். இக்கரையில் மறவர் குலத்துச் சேதுபதிகள் தம்மைச் சேது காவலர் என்றனர். கடலின் இருபுறத்தாரும் ஒரே சொல்லைத் தம் பெயராகக் கொண்டமைக்குக் காரணம் எளிது. கடல் அங்கே எல்லையாகக் கருதப்படவில்லை, வழியாகவே கருதப்பட்டது. முத்துக் குளிப்போரும் குதிரை வணிகரும் அடியாரும் மீனவரும் அவ்வழியே போய்வந்தனர். பாம்பனிலிருந்து கோயிலுக்குச் செல்லும் சாலையில் உள்ள அக்காள்மடம், தங்கச்சிமடம் ஆகிய ஊர்ப்பெயர்கள், வழிப்போக்கர் தங்கிய மடங்களின் நினைவை இன்றும் தாங்கி நிற்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வழியின் இயல்பு மாறிற்று. இலங்கையின் மலைநாட்டில் வெள்ளையர் காப்பி பயிரிடத் தொடங்கினர். காட்டை அழிக்கவும் கொட்டை பறிக்கவும் ஆள் தேவைப்பட்டது. மதுரை, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம், திருநெல்வேலிச் சீமைகளில் மழை பொய்த்தபோதெல்லாம் ஆள் கிடைத்தது. பாய்மரத் தோணியில் மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து காட்டு வழியே நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளையை எட்டினர். வழியில் குடிநீர் இல்லை. காய்ச்சலும் பேதியும் இருந்தன. புறப்பட்டோர் அனைவரும் போய்ச் சேரவில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்காத்லாந்துக்காரர் தேயிலை பயிரிட்டுக் காட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் காப்பிச் செடியை நோய் தின்று தீர்க்கவே, மலை முழுவதும் தேயிலை ஆயிற்று. காப்பிக்கு ஆண்டில் சில மாதங்கள் ஆள் இருந்தால் போதும். தேயிலைக்கோ ஆண்டு முழுதும் வேண்டும். போய்வந்தவர்கள் குடும்பத்தோடு போய்த் தங்கிவிட்டதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

ஆள் சேர்த்தவர் கங்காணி. பெரும்பாலும் அவர் அதே ஊர்க்காரர், சில வேளைகளில் உறவினர். ஊரில் உள்ள கடனை அடைக்கவும் வழிச் செலவுக்கும் முன்பணம் தருவார். அப்பணம் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறும். ‘துண்டு’ என்று ஒரு சீட்டு இருந்தது. இன்ன தொகையைக் கொடுத்தால் இன்ன ஆட்களை விடுவிக்கிறோம் என்று ஒரு தோட்டத்துரை எழுதிக் கொடுப்பது அது. கங்காணி அச்சீட்டை எடுத்துக்கொண்டு மற்றொரு தோட்டத்தை நாடுவார். கடன் தொகை கைமாறும். அதனோடு ஆளும் கைமாறுவான். 1921இல்தான் இம்முறை சட்டத்தால் விலக்கப்பட்டது. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் துளையிட்ட தகரச் சீட்டு ஒன்றும் உண்டு. அதனைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்தவனை வழிநெடுகிலும் பெயர் கேட்க வேண்டிய தேவை எவருக்கும் இருந்ததில்லை. கோப்புகளோடு காலங்கழிக்கும் எங்களுக்கு எண்களின் வசதி நன்கு தெரியும். அவ்வசதி யாருக்கானது என்பதும் தெரியும்.

இருப்புப்பாதை 1902இல் மண்டபத்தை எட்டிற்று. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1914 பிப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது இரு கைகளைப்போல் மேலெழுந்து வழிவிட்ட அதன் நடுப்பகுதியைப் பார்க்கக் கூட்டம் கூடியதுண்டு. பொறியியல் அருமை என்று அதனைப் பாராட்டுவோர், அத்துணைப் பெரும் செலவில் கடல்மேல் பாலம் எதற்காக அமைக்கப்பட்டது என்று கேட்பதில்லை. அடியார்களின் வசதி மட்டும் நோக்கமாயின் படகே போதுமாயிருந்திருக்கும். சென்னை எழும்பூரில் ஏறி, தனுஷ்கோடியில் வண்டியின் அருகிலேயே நிற்கும் கப்பலுக்கு மாறி, இருபது மைல் சொச்சம் கடலைக் கடந்து, தலைமன்னாரில் மீண்டும் வண்டியேறிக் கொழும்பு சேரும் வகையில் ஒரே பயணச்சீட்டு வழங்கப்பட்டது. இதுவே ‘போட்மெயில்’ என்று பெயர்பெற்ற வண்டி. பிற்காலத்தில் ‘இர்வின்’, ‘கோஷன்’ என்னும் இரு நீராவிக் கப்பல்கள் இத்துறையில் ஓடின. ஒன்றுமில்லாத மணல் திட்டாகக் கிடந்த தனுஷ்கோடியில் நிலையமும் சுங்கச் சாவடியும் அஞ்சலகமும் பள்ளியும் மாதா கோயிலும் தோன்றின.

போட்மெயிலைப் பற்றிப் பழைய மனிதர்கள் ஆவலோடு பேசுவர். வெள்ளைத்துரைகளும் வணிகர்களும் வழக்கறிஞர்களும் நாடகக் குழுவினரும் அதில் சென்றனர். ஆனால் அதே இருப்புப்பாதையில் வந்த வேறொரு கூட்டம் தனுஷ்கோடிக்கு நேரே செல்லவில்லை, மண்டபத்தில் இறக்கப்பட்டது. அங்கே இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணில் நடத்திய முகாம் இருந்தது. தோட்டத்துக்குச் செல்வோரை அங்கே சில நாள் தனித்து வைத்து, அம்மை குத்தி, துணிகளை ஆவியில் இட்டு, நோயில்லை என்று கண்டபின்னரே கப்பலுக்கு அனுப்புவர். உயர் வகுப்பில் செல்வோருக்கு இம்முகாம் வாசம் இல்லை. நோய்க் கிருமிகளும் வகுப்பறிந்து நடந்துகொண்டன போலும்! புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யைப் படித்தவர்களுக்கு, இம்முகாமைக் கடந்து சென்றோர் அக்கரையில் எதை அடைந்தனர் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

உலகில் இத்தகைய வாயில்கள் வேறும் உண்டு. அயர்லாந்து நாட்டில் 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போதும் அதன் பின்னரும் இலட்சக்கணக்கானோர் கப்பலேறினர். தெற்கே கோவ் என்னும் சிறு துறைமுகத்தில் ஏறியவர் பலர். அமெரிக்காவில் அவர்களைச் சோதித்து உள்ளே விட்ட இடம் நியூயார்க்கை அடுத்த எல்லிஸ் தீவு. அது 1892இல் திறக்கப்பட்டபோது முதலில் பதிவானவள் ஆனி மூர் என்னும் ஐரிஷ் சிறுமி. அவளுக்குக் கோவ் துறையிலும் சிலை உண்டு, எல்லிஸ் தீவிலும் சிலை உண்டு. இரு கரையும் அருங்காட்சியகங்களாகிவிட்டன. பேரர்கள் வந்து பாட்டன் பெயரைப் பதிவேட்டில் தேடுகின்றனர். மண்டபத்தின் வழியே எத்தனையோ ஆனி மூர்கள் சென்றார்கள். நாங்கள் அங்கிருந்த நாள்களில், அவர்களை நினைவுகூரும் ஒரு கல்லையேனும் காட்டுவார் எவரையும் கண்டிலோம்.

இவ்விடத்தில் நம் கதையையும் எண்ணிப் பார்த்தல் தகும். 1809இல் ஆங்கிலப் படை சீரங்கப்பட்டணத்தை விட்டுப் பெங்களூருக்கு மாறியபோது, அதனைத் தொடர்ந்து ஆற்காட்டுச் சீமையிலிருந்தும் சென்னையிலிருந்தும் தமிழர் வந்து தண்டில் குடியேறினர். 1864இல் சோலையார்பேட்டையிலிருந்து தண்டு நிலையத்துக்கு இருப்புப்பாதை வந்தது. 1880ஆம் ஆண்டுகளில் கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் பெருகவே, வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆயிரமாயிரமாய் ஆட்கள் சென்றனர். இவர்களைத் துரத்தியதும் அதே வறட்சியும் அதே கடனுமே. சேலத்துச் சிற்றூர் ஒன்றில் அண்ணன் வடக்கே தங்கவயலுக்கும் தம்பி தென்கிழக்கே தேயிலைத் தோட்டத்துக்கும் போயிருந்தால் அக்காலத்தில் எவரும் வியந்திரார். இரண்டும் வெள்ளையர் ஆட்சியின் நிழலில் இருந்த நிலங்களே. எது வெளிநாடு, எது உள்நாடு என்று அவ்விருவரும் அறிந்திருக்க வழியில்லை. அவர்கள் எல்லை எதையும் கடக்கவில்லை. அவர்கள் சென்று பல காலம் கழிந்தபின், எல்லை வந்து ஒருவனை மட்டும் பிரித்தது.

அது வந்த விதத்தைச் சுருங்கச் சொல்லலாம். 1939இல் இலங்கை அரசு தன் துறைகளில் நாட்கூலிகளாயிருந்த இந்தியர்களை விலக்கத் தலைப்பட்டது. நேரு கொழும்புக்குச் சென்று பேசியும் பயன் விளையவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாளிலிருந்து தொழிலாளர் இலங்கை செல்வதை இந்திய அரசு தடை செய்தது. தலைமுறை தலைமுறையாகத் திறந்திருந்த வாயில் அன்று புதியோர்க்கு அடைபட்டது. 1948இல் சுதந்திர இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம், மலையகத் தமிழர் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை எந்நாட்டுக் குடிமக்களும் அல்லாதாராக்கியது. தாத்தாவின் பிறப்புச் சான்றைக் கேட்டால், தகரச் சீட்டோடு வந்தவனின் பேரன் எதைக் காட்டுவான்?

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேரை இலங்கை ஏற்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசலாம் என்பது அதன் சாரம். (1974இல் அவ்வெச்சத்தையும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டனர்.) எழுதப்பட்ட எண்களை நோக்குங்கள், எவ்வளவு சீராக முடிகின்றன! அம்மக்களின் பிரதிநிதிகளை எவரும் கலந்து பேசவில்லை.

உடன்பாடு கையெழுத்தாகி எட்டு வாரம் முடியுமுன் புயல் வந்தது. டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணிகள் வண்டியைக் கடல் விழுங்கிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் அதில் மாண்டனர். ஊரே அழிந்தது. வாழத் தகாத இடமென்று அரசு அறிவித்தது. பாம்பன் பாலத்தின் உத்தரங்கள் கடலில் வீழ்ந்தன. அவற்றைத் தேடி எடுத்து, 46 நாள்களில் பாலத்தை மீட்டெடுத்த பொறியாளர் ஈ. ஸ்ரீதரன், பின்னாளில் கொங்கண் இரயிலாலும் தில்லி மெட்ரோவாலும் புகழ்பெற்றவர். பாலம் மீண்டது; தனுஷ்கோடிக்குப் பாதை மீளவில்லை.

அரிச்சல்முனைக்குச் செல்லும் புதிய சாலையில் நின்று இடிபாடுகளைப் பார்த்தோம். பவளக்கல்லால் எழுப்பிய மாதா கோயிலின் சுவர், நிலையத்தின் எச்சம், நீர்த்தொட்டியின் தூண்கள். வழிகாட்டிகள் புயலின் கதையை நன்றாகச் சொல்கின்றனர். கேட்போர் கண்கலங்குகின்றனர். அந்த நள்ளிரவின் துயரை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. எனினும் அவ்வொரு இரவின் பேரிடி, அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டுகளை நம் நினைவிலிருந்து அடித்துச் சென்றுவிட்டது என்பது எங்கள் கருத்து. தனுஷ்கோடி எப்படி இறந்தது என்பதைக் கேட்கும் நாம், அது எதற்காகப் பிறந்தது என்பதைக் கேட்பதில்லை. ஊரை அழித்தது கடல். அவ்வூர் எதற்காக எழுந்ததோ அந்தப் போக்குவரத்தைக் கடலுக்கு முன்பே சட்டங்கள் பெரிதும் முடித்துவிட்டிருந்தன.

புயலுக்குப் பிறகு கப்பல் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிற்று. இம்முறை ஆட்கள் எதிர்த்திசையில் வந்தனர். உடன்பாட்டின்படி அனுப்பப்பட்டோர் தகரப் பெட்டியும் பாத்திரமுமாக இத்துறையில் வந்திறங்கினர். எந்த முகாமில் பாட்டனைச் சோதித்து அனுப்பினரோ அதே மண்டபம் முகாமில் பேரனை வரவேற்றுக் குடும்ப அட்டை கொடுத்தனர். அவனோ இந்தியாவை அன்றுதான் முதன்முதல் காண்கிறான். ஊருக்குத் திரும்பினான் என்று அரசுத் தாள்கள் கூறின. அவன் ஊர் ஹட்டனும் பதுளையும் அல்லவா? நீலகிரியில் தமிழக அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் சிலருக்கு வேலை கிடைத்தது. சிலர் நூற்பாலைகளுக்குப் போயினர். நம் கர்நாடகத்தில் தென்கன்னட மாவட்டத்துச் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளில் வனவளர்ச்சிக் கழகத்தின் இரப்பர்த் தோட்டங்களுக்கும் பல குடும்பங்கள் அனுப்பப்பட்டன. அங்கே பால்வெட்டும் தமிழர்களை, தர்மஸ்தலாவுக்கும் சுப்பிரமணியாவுக்கும் போகும் வழியில் நம்மில் பலர் கண்டிருக்கலாம். அவர்கள் எவ்வழியே வந்தவர்கள் என்று கேட்டிருக்கமாட்டோம்.

1983 கலவரத்தை அடுத்து அடைக்கலம் தேடிப் படகுகள் வரத்தொடங்கின. 1984இல் கப்பல் போக்குவரத்து நின்றது. மண்டபம் முகாம் மூன்றாம் முறையாக நிரம்பிற்று. வந்தோரில் மலையகத்தை விட்டு வடக்கே வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறியிருந்த தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளும் இருந்தனர். இலங்கையும் குடியுரிமை தராது, இந்தியாவும் தராது, முகாமிலேயே பிறந்து முகாமிலேயே மணம் முடித்தோர் அவர்களுள் உண்டு. 2021இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்னும் பெயரை மாற்றி ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்றாக்கியது. அடுத்த ஆண்டே, இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் பசிக்கு அஞ்சி அரிச்சல்முனையை அடுத்த மணல் திட்டுகளில் மீண்டும் சிலர் வந்திறங்கினர். அவர்களும் மண்டபத்துக்கே கொண்டுசெல்லப்பட்டனர்.

பழைய பாம்பன் பாலத்தில் 2022 இறுதியோடு வண்டிகள் நின்றன. 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாலம், நடுப்பகுதியை நேரே மேல்நோக்கித் தூக்கும் அமைப்புடையது. வண்டியில் செல்வோர் பாலத்தைக் காணும் ஆர்வத்தில் மண்டபம் நிலையம் வந்தபின்னரே சன்னலண்டை நகர்கின்றனர். அதற்கு முந்தைய சிறு நிலையத்தையும் பார்க்க விரும்புவோர் உச்சிப்புளி தாண்டியதும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். மஞ்சள் பலகையில் ஊரின் பெயரோடு முகாம் என்பதைக் குறிக்கும் சொல்லும் சேர்த்து எழுதப்பட்டிருக்கும். முகாமுக்குள் இசைவின்றிச் செல்ல இயலாது. சாலையிலிருந்து வரிசை வீடுகளின் கூரைகளையும், விளையாடும் பிள்ளைகளையும் காணலாம்.